மாணவர் நாடகத்துக்கு ஓர் அஞ்சலகம்

வானொலி நாடகத்தில் ஓர் அஞ்சலகத்தை உண்டாக்குவதற்கு அதிகச் சிரமம் இல்லை. தேதி முத்திரை விழும் ஓசை, நாணயம் எண்ணும் சத்தம், வாசலில் ஒரு சைக்கிள் மணி, இவ்வளவு போதும். எஞ்சியவற்றை நேயர்களே தங்கள் மனத்தில் கட்டிக்கொள்வார்கள். தாம் சிறுவயதில் கண்ட அஞ்சலகத்தையே ஒவ்வொருவரும் கட்டிக்கொள்வதால் அதில் குறை காண்பாரும் இல்லை. தொலைக்காட்சி நாடகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே சுவர் வேண்டும், கதவு வேண்டும், கிராதி வைத்த கவுண்டர் வேண்டும். அவற்றை எவரேனும் மரத்தாலும் ஆணியாலும் கட்டித்தான் ஆகவேண்டும். தொலைக்காட்சிக் கலை பயிலும் மாணவர்கள் தங்கள் நாடகம் ஒன்றுக்கு இத்தகைய ஸெட் ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டுவது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில், ஆகாசவாணி பவனில், பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1976 ஏப்ரலில் தூர்தர்ஷன் தனி அமைப்பாகப் பிரியும் வரையில் அது வானொலியின் ஓர் அங்கமாகவே இருந்தது. ஆகவே இப்பொருள் வானொலிக்கு அந்நியமானதன்று. தொலைக்காட்சிப் பயிற்சிக்கான ஏற்பாடும் டில்லியில் தோன்றி, 1974-இல் புணேக்குச் சென்று, பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960 முதல் நடந்துவந்த திரைப்படக் கல்லூரியோடு சேர்ந்தது. இந்நாளில் பல பல்கலைக்கழகங்களிலும் சிறு அளவில் தொலைக்காட்சி ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே பயில்வோர் மூன்று காமிராக்களைக் கொண்டு, அரைமணி நேர நாடகம் ஒன்றைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வது வழக்கமான ஒரு பயிற்சி. ஒருவர் இயக்குகிறார், மூவர் காமிராவில் நிற்கிறார்கள், ஒருவர் ஒலியைக் கவனிக்கிறார். ஸெட் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் எழுகிறது. அதற்குள் நாளும் போய்விடுகிறது, பணமும் போய்விடுகிறது. பிறகு கிடைத்த சோபாவும் கிடைத்த திரைச்சீலையுமே நாடகத்தின் களமாகிவிடுகின்றன. மாணவர் நாடகங்களில் பாதிக்குமேல் எந்த ஊரிலும் சேராத ஒரு வரவேற்பறையில் நடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு நாடகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு 1968. ஒரு சிற்றூரின் அஞ்சலகம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, மாதம் தவறாமல் வந்து, வெளியூர் சென்ற தன் மகனுக்கு யாரையாவது கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து, தபாலில் சேர்க்கிறாள். அக்கடிதங்கள் யாவும், விலாசதாரர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிடுகின்றன. விதிப்படி அவற்றை அவளிடம் சேர்ப்பிக்க வேண்டிய குமாஸ்தா, மனம் வராமல் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் மேலதிகாரி சோதனைக்கு வருகிறார். கதை இவ்வளவே. பாத்திரங்கள் மூவர், இடம் ஒன்று. மாணவர்க்கு ஏற்ற அளவுதான்.

இதற்கு ஸெட் அமைக்கப் புகும் மாணவர் முதலில் செய்யவேண்டியது யாது? படம் வரைவதன்று. நாடகத்தைப் படித்து, யார் எதைப் பார்க்கிறார்கள், யார் எதைப் பார்க்கக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. இந்த நாடகத்தின் உயிர் அந்தக் கடிதக் கட்டிலே இருக்கிறது. அது குமாஸ்தாவின் கைக்கு எட்டவேண்டும். பார்ப்போர் கண்ணுக்குத் தெரியவேண்டும். கிழவியின் கண்ணுக்கு ஒருபோதும் தெரியலாகாது. இந்த மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றும் இடம் எது? குமாஸ்தாவுக்குப் பின்னே, கடிதங்களைப் பிரித்து வைக்கும் அறைகளோடு கூடிய பெரிய மரச் சட்டகம் ஒன்று எந்த அஞ்சலகத்திலும் உண்டு. மாணவருக்கு அதுதான் முதலில் தோன்றும். ஆனால் கவுண்டருக்கு அப்பால் நிற்பவள் நேரே பார்ப்பதும் அதைத்தான். கட்டை அங்கே வைத்தால், மாதாமாதம் வரும் அவள் அதைக் காணாதிருந்தாள் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். எனவே, கவுண்டர்ப் பலகைக்கு அடியில், குமாஸ்தாவின் முழங்கால் உயரத்தில், ஒரு தட்டு அமைக்கவேண்டியதாகிறது. கதையில் ஒரு வரியிலும் இல்லாத அந்தத் தட்டுதான் முழு ஸெட்டின் அமைப்பையும் தீர்மானிக்கப் போகிறது.

ஏனெனில், அத்தட்டைக் காட்ட ஒரு காமிரா குமாஸ்தாவின் பக்கத்திலிருந்து நோக்கவேண்டும். கிழவியின் பேச்சுக்குக் குமாஸ்தாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட மற்றொரு காமிரா கிழவியின் பக்கத்திலிருந்து நோக்கவேண்டும். இப்போது கவுண்டரை எப்படிப் போடுவது? நாடக மேடையைப்போலப் பின்சுவருக்கு இணையாகக் குறுக்கே போட்டால், குமாஸ்தாவின் முகம் தெரியும். கிழவியின் முதுகுதான் தெரியும். அவளுடைய முகத்தைக் காணவேண்டுமானால் பின்சுவரை இடித்துக்கொண்டுதான் காமிரா வரவேண்டும். ஆகவே, கவுண்டரைப் பின்சுவரிலிருந்து காமிராக்களை நோக்கி வரும்படி, சற்றே சாய்வாகத் திருப்பிவிட வேண்டும். அப்போது கிழவி இடப்பக்கமும் குமாஸ்தா வலப்பக்கமும் நிற்பார்கள். இடக்கோடியில் உள்ள முதற் காமிரா, குறுக்கே நோக்கிக் குமாஸ்தாவைப் பிடிக்கும். வலக்கோடியில் உள்ள மூன்றாம் காமிரா கிழவியைப் பிடிக்கும். வேண்டும்போது கீழே சாய்ந்து கடிதத் தட்டையும் பிடிக்கும். நடுக் காமிரா இருவரையும் ஒருங்கே காட்டும். மூன்றும் ஒரே பக்கத்தில் நிற்பதால், பேசுவோர் இருவரும் ஒருவரையொருவர் நோக்குவதாகவே படத்தில் அமையும். ஒரு காமிராவின் படத்தில் மற்றொரு காமிரா வந்து விழுவதும் இல்லை.

இதில் இன்னொன்றும் கிடைக்கிறது. குமாஸ்தாவைப் பிடிக்கும் படத்தில், கிராதிக் கம்பிகள் அவருக்கு முன்னே நிற்கும். கிழவியைப் பிடிக்கும் படத்தில் அதே கம்பிகள் அவளுக்கு முன்னே நிற்கும். கம்பிக்குள் அகப்பட்டிருப்பவர் இருவரில் யார்? இதை வசனம் எழுதிய மாணவர் நினைத்திருக்கவே மாட்டார். கவுண்டரைத் திருப்பிப் போட்டவரால் வந்த பொருள் அது.

சிந்தனை இவ்வளவு தெளிவான பின்னரே தாளில் கோடு போடவேண்டும். கால் அங்குலம் ஓர் அடியாகவோ, மெட்ரிக் கணக்கில் ஐம்பதில் ஒன்றாகவோ, தரைப்படம் வரைவது வழக்கம். ஸ்டூடியோ நாற்பதடிக்கு முப்பதடி என்று வைத்துக்கொள்வோம். நாற்பதையும் முப்பதையும் கண்டு மயங்கிவிடக் கூடாது. சுவரை ஒட்டி மூன்று நான்கு அடி வழி விடவேண்டும். ஆட்கள் நடமாடவும், ஆபத்து நேரிட்டால் வெளியேறவும் அது அவசியம். தட்டிகளுக்குப் பின்னே முட்டுக்கொடுக்க ஓரிரண்டு அடி போகும். காமிராக்கள் முன்னும் பின்னும் உருண்டு செல்லப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். இவை போக எஞ்சுவது சுமார் இருபதடி அகலமும் பன்னிரண்டு அடி ஆழமும்தான். இந்த இடத்துக்குள் அஞ்சலகத்தை அடக்கவேண்டும். வாசல் திண்ணையும் கதவும் இடப்பக்கம், அலுவலர் இடம் வலப்பக்கம், நடுவே கவுண்டர். பக்கச் சுவர்கள் இரண்டையும் நேர்கோணத்தில் நிறுத்தாமல், முன்னே வரவரச் சற்று விரிந்து செல்லும்படி நிறுத்தினால், காமிராக்கள் உள்ளே பார்ப்பது எளிதாகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஓசை மோதித் திரும்புவதும் அதனால் குறையும்.

சுவரின் உயரம் எவ்வளவு என்பதை ஊகத்துக்கு விடக்கூடாது, அது கணக்கு. காமிராவினுள் படம் விழும் தகட்டின் அகலத்தைத் தூரத்தோடு பெருக்கி, லென்ஸின் குவிதூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை அகலம் படத்தில் அடங்கும் என்பது தெரியும். ஸ்டூடியோக் காமிராக்களில் பரவலாக உள்ள மூன்றில் இரண்டு அங்குல வகையில் அத்தகட்டின் அகலம் சுமார் 9.6 மில்லிமீட்டர். எனவே லென்ஸைப் பத்து மில்லிமீட்டர் அளவில் வைத்தால், காமிரா எத்தனை அடி தள்ளி நிற்கிறதோ ஏறத்தாழ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். பின்சுவருக்குப் பதினாறு அடி தூரத்தில் காமிரா நின்றால் பதினாறு அடி அகலம் விழும். இன்றைய படத்தின் விகிதம் பதினாறுக்கு ஒன்பது ஆகையால், ஒன்பதடி உயரம் விழும். லென்ஸ் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நேராக நோக்கினால், சுவரில் தரை முதல் ஒன்பதடி வரை தெரியும். கடையில் விற்கும் ஒட்டுப்பலகையோ எட்டடிக்கு நாலடி! அதைக் கொண்டு எட்டடிச் சுவர் கட்டி நிறுத்தினால், அஞ்சலகத்தின் மேலே ஓரடிக்கு ஸ்டூடியோவின் விளக்குகளும் சங்கிலிகளும் தெரியும்.

ஆகவே, எட்டடித் தட்டிக்குமேல் இரண்டடிப் பட்டை ஒன்றைச் சேர்த்துப் பத்தடியாக்குவது நலம். பட்டை சேரும் இடத்து இணைப்பு தெரியுமே என்று கேட்கலாம். பழைய அரசாங்கக் கட்டடங்களில், மேற்சுவரின் ஓரமாக மரச்சட்டம் ஓடுவதையோ, மின்கம்பி செல்லும் மரப்பட்டை ஓடுவதையோ நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதை அந்த இணைப்பின்மேல் அறைந்துவிட்டால் இரு காரியமும் முடிந்தது. கூரையிலிருந்து மின்விசிறி ஒன்றைத் தொங்கவிட மாணவர்கள் மிகவும் ஆசைப்படுவார்கள். அது விளக்கொளியை மறைத்து முகத்தில் நிழல் வீசும். சுழலவிட்டால் ஒலிவாங்கியில் இரையும். மேசைமேல் காகிதங்களுக்குப் பாரம் வைத்துவிட்டால் போதும். விசிறி ஒன்று எங்கோ சுழல்வதைப் பார்ப்போர் தாமே ஊகிப்பார்கள். இந்தத் தந்திரம் வானொலியிலிருந்து கடன் வாங்கியது என்றே சொல்லலாம்.

கவுண்டரின் உயரம் சுவரைக் காட்டிலும் முக்கியம். மூன்றரை அடி உயரப் பலகை, அதன்மேல் கிராதி, கிராதியின் அடியில், பணமும் காகிதமும் கைமாற அரையடி உயரச் சந்து. நிமிர்ந்து பேசினால் கம்பி வாயை மறைக்கும். ஆதலால் வருவோர் இயல்பாகவே குனிந்து அந்தச் சந்தின் வழியாகப் பேசுவார்கள். கிழவியாக நடிக்கும் மாணவிக்கு இதைவிட வேறு நடிப்புப் போதனை தேவையில்லை. எளியவர் குனிவதும் அலுவலர் நிமிர்ந்திருப்பதும் அப்பலகையின் உயரத்திலேயே அடங்கியிருக்கின்றன. ஆனால் காமிரா நாலரை அடியில் நின்றால், குனிந்தவளின் உச்சந்தலைதான் தெரியும். அதை நாலடிக்குத் தாழ்த்தவேண்டும். இச்சிறு விஷயத்தைக் கட்டும் முன்னரே காமிரா மாணவரிடம் சொல்லிவைக்காத காரணத்தால், பதிவு நாளன்று கவுண்டரின் காலை அறுக்கும்படி நேர்வதுண்டு. கவுண்டரின் காலை அறுத்தால் கடிதத் தட்டும் தாழும். தட்டு தாழ்ந்தால் மூன்றாம் காமிராவுக்கு அது தெரியாது. ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் அசைகிறது.

இனி, கட்டும் வேலைக்கு வருவோம். ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டத்தில் நாலுக்கு எட்டடிச் சட்டகம். நடுவில் குறுக்குச் சட்டம், மூலைகளில் முக்கோணத் துண்டு. அதன்மேல் மெல்லிய ஒட்டுப்பலகை. இதுதான் தட்டி. தட்டியோடு தட்டியை ஆணியால் அறைந்து சேர்ப்பதைவிட, கழற்றக்கூடிய ஆணியுடைய கீல்களால் சேர்ப்பது மேல். ஆணியை உருவினால் தட்டி கழன்றுவிடும், மறுமுறையும் உதவும். பின்புறம் சாய்வு முட்டு வைத்து, முட்டின் காலில் மணல்மூட்டை ஏற்றவேண்டும். கதவு உள்ள தட்டிக்கு இருபுறமும் முட்டு அவசியம். கதவை அறைந்து சாத்தும்போது அஞ்சலகச் சுவர் முழுவதும் படபடவென்று ஆடுமானால், எத்தனை உருக்கமான காட்சியும் சிரிப்புக்கிடமாகிவிடும். கவுண்டரின் முன்பகுதி நாலடியைத் தனித்துண்டாகச் செய்து, வேண்டும்போது அப்புறப்படுத்தும்படி வைத்துக்கொண்டால், நடுக் காமிரா கடைசிக் காட்சியில் இருவருக்கும் நடுவே நெருங்கிப் போகலாம்.

ஸ்டூடியோவில் பல்லாண்டு வேலை செய்யும் தச்சர் ஒருவர் இருந்தால், மாணவர் தரைப்படத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது; அவரோடு நின்று ஒரு தட்டியையேனும் தம் கையால் செய்யவேண்டும். படத்தில் ஒரு கோடாகத் தெரியும் சுவருக்கு ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் கனம் உண்டு என்பது கையில் எடுத்தால்தான் உறைக்கும். ஆறு தட்டிகளை மூலை மடக்கிச் சேர்க்கும்போது அந்தக் கனம் கூடிக்கூடி, இருபதடிச் சுவர் இருபதேகால் அடியாகிவிடுவதைத் தச்சர் முன்கூட்டியே அறிவார். கல்லூரியில் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்களைக் காட்டிலும் இவ்விஷயத்தில் அவரே நல்லாசிரியர்.

ஓசையைப் பற்றி வானொலியில் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மெல்லிய ஒட்டுப்பலகையாலான கவுண்டரின்மேல் தேதி முத்திரையைக் குத்தினால், மத்தளம் கொட்டியதுபோல் ஒலிக்கும். பார்ப்போரின் கண் அதை மரம் என்று நம்பினாலும் காது நம்பாது. ஆதலால், கவுண்டர் முழுவதையும் ஒட்டுப்பலகையால் செய்தாலும், முத்திரை குத்தும் இரண்டடியை மட்டும் ஒன்றரை அங்குல மெய்யான மரப்பலகையால் செய்து, அதன் கீழே மணல்மூட்டை ஒன்றை இறுகக் கட்டிவைக்க வேண்டும். கிராதிக் கம்பிகளை எடையும் செலவும் கருதிப் பிளாஸ்டிக் குழாயில் செய்து கருஞ்சாயம் பூசலாம். கிழவியின் வளையல் உரசும் இடத்திலுள்ள நாலைந்து கம்பிகள் மட்டும் இரும்பாக இருக்கட்டும். உயர்ந்த மேடை அமைத்தால் அதன் உள்ளே பழைய ஜமுக்காளங்களைத் திணிக்கவேண்டும். தரையிலோ எதையும் விரிக்கலாகாது. காமிராவின் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு மடிப்பும் படத்தில் குலுக்கலாகத் தெரியும். தரைக்கற்கள் வேண்டுமானால் கழுவினால் போகும் வர்ணத்தில் தீட்டுவதே முறை.

வர்ணத்தைப் பொறுத்தமட்டில், அஞ்சலகச் சுவர் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று சுண்ணாம்பு வெண்மையைப் பூசிவிடுவோர் பலர். காமிராவுக்குப் பளிச்சென்ற வெள்ளை எப்போதும் தொல்லை. நம் நாட்டினரின் மாநிற முகத்துக்குப் பின்னே வெள்ளைச் சுவர் நின்றால், கண் சுவரை நோக்கியே போகும். முகம் இருண்டு தோன்றும். சுவருக்குச் சரியாக ஒளியைக் குறைத்தால் முகம் இன்னும் இருளும். வெள்ளை டிஸ்டம்பரில் சிறிது காவியும் சிறிது கருமையும் கலந்து, கண்ணுக்குப் பழுப்பாகத் தோன்றும்படி பூசினால், திரையில் அது பழைய சுண்ணாம்புச் சுவராகவே தெரியும். மேசை விரிப்பு, காகிதம், குமாஸ்தாவின் சட்டை இவற்றையும் தேயிலைத் தண்ணீரில் நனைத்தெடுப்பது பழைய உபாயம். சுவரின் கீழ் நாலடிக்கு அடர்ந்த நிறத்தில் எண்ணெய் வர்ணம் பூசியிருப்பதைப் பல அரசாங்க அலுவலகங்களில் காணலாம். அந்த வழக்கமும் நமக்கு அனுகூலமே. கீழே அடர்ந்தும் மேலே வெளிறியும் உள்ள சுவர், நிற்பவர்களைத் தரையில் ஊன்றி நிறுத்திக் காட்டும்.

புதுச்சுவரைப் பழையதாக்குவது தனிக்கலை. எங்கு பார்த்தாலும் அழுக்கைத் தெளித்துவிட்டால் அது பழமையாகாது. கை படும் இடத்தில்தான் அழுக்கு படியும்: கதவின் விளிம்பில் மார்பளவு உயரத்தில், மின்விசைப் பொத்தானைச் சுற்றி, கவுண்டரின் முன்புறத்தில் காத்து நிற்போரின் முழங்கால் இடிக்கும் உயரத்தில். பசை தொட்ட விரலைத் துடைத்த கறை தபால்தலை ஒட்டும் மேசையருகே இருக்கும். பெஞ்சியில் சாய்ந்தவர்களின் தலையெண்ணெய் அதன் பின்சுவரில் வரிசையாகப் படிந்திருக்கும். இவற்றைக் கற்பனையால் அறிய முடியாது. மாணவர்கள் அளவு நாடாவும் குறிப்பேடுமாகப் பழைய அஞ்சலகம் ஒன்றுக்கு நேரில் சென்று, அனுமதி பெற்றுக் கவனித்து எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒரு வகுப்பில் வங்காளத்தவரும் கேரளத்தவரும் மணிப்பூரினரும் சேர்ந்து படிக்கிறார்கள். ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வோர் அஞ்சலகம் இருக்கிறது. ஓடு வேய்ந்ததா, தகரம் வேய்ந்ததா, திண்ணை உண்டா, பெயர்ப்பலகையில் எந்த எழுத்துக்கள் என்று அவர்களுக்குள் எழும் வாதத்தை ஒரு மாலைப்பொழுது நடக்கவிடுவது நல்லது. முடிவில் ஓர் ஊரைத் தேர்ந்து அதிலேயே நிற்கவேண்டும். எல்லா ஊருக்கும் பொதுவான அஞ்சலகம் என்று ஒன்றைக் கட்டினால் அது ஸ்டூடியோவில் மட்டுமே உள்ள அஞ்சலகமாக இருக்கும்.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாடகம் 1968-இல் நடக்கிறது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15-ஆம் தேதிதான் வந்தது. எனவே பெயர்ப்பலகையிலோ கடித உறைகளிலோ அந்த எண் இருக்கக்கூடாது. காசுகளோ 1957 ஏப்ரல் முதலே தசாம்ச முறையில் வந்துவிட்டன. அணாவும் பைசாவும் கலந்து கிழவி பேசலாம், ஆனால் கட்டணப் பட்டியலில் அணா எழுதலாகாது. தந்திப் பாரம் வைத்த பெட்டி சுவரில் இருக்கட்டும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோன பின்பு வளர்ந்த மாணவர்களுக்கு அது என்னவென்றே விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும்.

ஒளியைக் கருதாமல் ஸெட் போடுவது பாதிக் காரியம். இதற்கு நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றிலேயே ஒரு சிறந்த உதாரணம் உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வெளிவந்தது. காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டினார். அம்முற்றத்தில் வெயில் நேரே விழுவதில்லை. மேலேயுள்ள திறந்தவெளியிலிருந்து நிழலற்ற வெளிச்சம் இறங்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா ஸெட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல் விரித்துக் கட்டி, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி, அதிலிருந்து தெறித்து இறங்கும் வெளிச்சத்தில் படம்பிடித்தார். கட்டியவரும் ஒளி தந்தவரும் ஒரே முற்றத்தைப் பற்றி யோசித்ததனால் விளைந்தது அது. நம் அஞ்சலகத்திலும், வாசல் கதவின் வழியே வரும் பகல் வெளிச்சந்தான் முதல் ஒளி. அது கிழவியின் முதுகுப்புறமாக வந்து குமாஸ்தாவின் முகத்தில் விழும். கவுண்டருக்கு அடியிலுள்ள கடிதத் தட்டில் எந்த வெளிச்சமும் விழாது. மேற்பலகையின் நிழல் அதை முழுவதும் மறைத்துவிடும். ஆகையால் தட்டை அரையடி வெளியே நீட்டிவைக்க வேண்டும். நடிகர்களைப் பின்சுவரிலிருந்து ஐந்தாறு அடியேனும் முன்தள்ளி நிறுத்தினால், அவர்களுடைய நிழல் சுவரில் ஏறாமல் தரையில் விழுந்துவிடும். ஒலிவாங்கிக் கோலின் நிழலும் அப்படியே.

இவ்வளவு பாடுபடுவானேன், கணினியே சுவரை வரைந்து தந்துவிடுமே என்று இக்காலத்து மாணவர் கேட்பது இயல்பு. பச்சைத் திரைக்கு முன்னே நடித்துவிட்டுப் பின்னர் அஞ்சலகத்தைச் சேர்க்கலாம். பெரிய ஒளித்திரையைப் பின்னே நிறுத்தி அதில் அஞ்சலகத்தைக் காட்டவும் செய்யலாம். கதவுக்கு வெளியே தெரியும் தெருவுக்கும் மரத்துக்கும் அவை மிகவும் பொருத்தமானவை. அச்சிட்ட படுதாவை விட மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கிழவி குனிவதற்கு ஒரு சந்து வேண்டுமே! குமாஸ்தா கைவைத்து மறைப்பதற்கு ஒரு தட்டு வேண்டுமே! நடிகரின் கை படும் பொருள்களைக் கட்டத்தான் வேண்டும். அதன்றியும், பச்சைத் திரையின் நிறம் கிழவியின் நரைமுடியில் ஏறிக்கொள்ளும். அதைத் துடைத்தெடுக்கச் செலவாகும் இரவுகளில் இரண்டு கவுண்டர் செய்துவிடலாம்.

நாள் கணக்கு இப்படி இருந்தால் நலம்: தரைப்படம் முடிந்தவுடன், ஏதேனும் ஒரு காலி அறையில் ஒட்டுநாடாவால் அதை மெய்யளவில் தரையில் ஒட்டி, நாற்காலிகளைக் கவுண்டராக வைத்து ஒத்திகை பார்ப்பது ஒரு நாள். கதவு தவறான பக்கம் திறக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மரத்தை அறுத்தபின் தெரிவதைவிட அது மலிவு. தட்டிகளை நிறுத்தி வர்ணம் பூச இரண்டு நாள். உலரவும் விளக்கு அமைக்கவும் ஒரு நாள். காமிராவோடு ஒத்திகைக்கு ஒரு நாள். பிறகே பதிவு. விளக்குகள் ஏறுமுன் துணியும் காகிதமும் அவற்றுக்கு அருகில் இல்லை என்பதையும், தீயணைப்புக் கருவி எட்டும் தூரத்தில் உள்ளது என்பதையும், வெளியேறும் வழியில் மரத்துண்டு கிடக்கவில்லை என்பதையும் ஒருவர் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் இயக்குநராக இருக்கலாகாது. அவர் மனம் வேறெங்கோ இருக்கும்.

பதிவு முடிந்த அன்று மாலையே ஸெட்டைக் கலைக்கவேண்டும். மறுநாள் அடுத்த குழு ஸ்டூடியோவுக்குக் காத்திருக்கும். கடிதத் தட்டிலுள்ள உறைகளையும், முத்திரையையும், தராசையும் முதலில் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்துவைக்க வேண்டும். வாடகைக்கு வாங்கிய இரும்புக் கம்பிகள் பழைய இரும்புக் கடைக்குத் திரும்பும். மணல்மூட்டைகளை இறக்குமுன் முட்டுகளை ஒருவர் பிடித்துக்கொள்ள, கீல்களின் ஆணிகளை உருவி எண்ணி ஒரு டப்பாவில் போடவேண்டும்; இந்த ஆணிகள்தான் எல்லா ஸ்டூடியோவிலும் முதலில் காணாமற் போகிறவை. பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கி, தட்டிகளை அளவு வாரியாகச் சுவரோரம் சாய்த்து, அவற்றின் முதுகில் எண் எழுதிவைத்தால், அடுத்த குழுவினர் அவற்றின்மேல் வேறு வர்ணம் பூசி, ஒரு ரயில்வே நிலையத்தையோ பள்ளிக்கூடத்தையோ எழுப்பிக்கொள்வார்கள்.